வீட்டுக்குள் வராத பானை

ஃபோனில் பார்த்தபோது அந்த ஹோட்டலின் நீச்சல் தடாகம் நீலமாக இருந்தது. நேரில் போனால் அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த இலைகளும் கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றும் கிடந்தன. படம் எந்தக் காலத்தில் எடுத்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கட்டாரில் உட்கார்ந்துகொண்டு ஃபோனைத் தடவித் தடவி அறை பிடித்த என் தம்பி வினோஜனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேனிலிருந்து பைகளை இறக்குவதில் மும்முரமாக இருந்தான்.

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் வேனுக்குள் அம்மாவின் மடியில் அப்பா இருந்தார். மஞ்சள் துணியால் வாய் கட்டிய சின்ன மண்பானை ஒன்றில் அஸ்தியாக இருந்தார். அவரை வைத்துக்கொண்டு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா அழகுமுத்து மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். காலையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பியவர் எங்கள் லயத்து வீட்டுப் படிக்கட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். வினோஜனுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அதை ஃபோனில் பார்த்து வினோஜன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கொள்ளிதான் வைக்கக் கொடுத்து வைக்கவில்லை, கரைப்பதையாவது நான் வந்து கரைக்கிறேன், அதுவரைக்கும் யாரும் பானையைத் தொடக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அஸ்திப் பானை வீட்டுக்குள் வரக் கூடாது. சுடலையிலிருந்து கொண்டு வந்து நேராக மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். கரைக்கிற நாள் வரைக்கும் அதற்கு மரம்தான் வீடு. கொட்டகலையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. மழை நனைக்காமல் பொலித்தீன் பையைப் போர்த்திக்கொண்டு அப்பா அதில் தொங்கினார். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகள் இந்த வருஷம் கொய்யாப்பழம் பறிக்கவே இல்லை.

தோட்டத்து ஆற்றிலேயே கரைத்திருக்கலாம். ஆனால் ஒருதடவை திருகோணமலைக்குச் சுற்றுலா போனபோது, அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, என்னைய இதுல கொண்டாந்து விட்டுருங்க, நல்லா விசாலமா இருக்கு என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது அவர் சொன்னதில் பாதியைக் காதில் வாங்காதவள், இதை மட்டும் விடவில்லை. திருகோணமலைக்குப் போய்வர வினோஜனின் லீவு போதாது. மறுநாள் இரவு அவனுக்கு ஃப்ளைட். அதனால் தெற்கே காலி நகரத்துப் பக்கம் ஒரு ஹோட்டலைப் பிடித்தான். பொழுதோடு போய்க் கரைத்துவிட்டு, இரவு படுத்தெழும்பி ஹைவேயில் ஏறினால் நேரே கட்டுநாயக்கா ஏர்போர்ட்தான் என்றான். கடல் எல்லாம் ஒன்றுதானே என்றும் சொன்னான். கடல் ஒன்றுதான், கரையில் இருக்கிற ஆட்கள்தான் வேறு என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்ததால் போய்ச் சேரும்போது சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் கரைக்கக் கூடாது. இரவு பானையோடுதான் தங்கியாக வேண்டும். அப்படியானால் அப்பாவை எங்கே வைப்பது?

அறைக்குள் கொண்டுபோக அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாம படுத்து எந்திரிக்கிற இடம் வீடுதான், அது யாரு வீடா இருந்தா என்ன என்றாள். வேனில் விடவும் வழியில்லை. டிரைவர் நிதுஷன் வேனுக்குள்தான் படுப்பான். அவனிடம் அதைக் கோயில் நேர்த்திக்கடன் பானை என்று சொல்லி வைத்திருந்தோம். உண்மை தெரிந்திருந்தால் ஹட்டனிலேயே எங்களை இறக்கி விட்டிருப்பான்.

ஹோட்டல் தோட்டத்தின் ஓரத்தில், கடற்கரைக்கு இறங்குகிற குட்டைச் சுவரை ஒட்டி, அகன்ற இலை உள்ள மரம் ஒன்று நின்றது. பேர் தெரியாது. அம்மா தன் பழைய சேலையைக் கிழித்துக் கயிறாக்கிப் பானையை அதில் கட்டினாள். எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துக் குங்குமம் தடவி, காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க மரத்தடியில் இரண்டு பக்கமும் வைத்தாள். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டாள். வேர்வையில் குளித்துப்போய், எப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம் என்று நான் பக்கத்தில் நின்றேன். ஹட்டனில் ஃபார்மசியில் வேலை பார்க்கிறவள், நாளெல்லாம் சிங்களச் சனங்களோடு பேசிப் பழகுகிறவள், எனக்காவது அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அறையில் துவாய்களை அன்னம் மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். வெளுத்து வெளுத்துச் சாம்பல் நிறமாகிப்போன அன்னங்கள். உப்புக்காற்று தின்ற ஜன்னலை மூட முடியவில்லை. கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்த அம்மா, இந்த மெசினை எப்பத்தான் நிப்பாட்டுவாங்க என்று கேட்டாள். வினோஜன் சிரித்துவிட்டான். ஊரிலிருந்து கிளம்பிய பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். பிறகு கண்ணாடி முன்னால் நின்று புது வேட்டியைக் கட்டிக் கட்டிப் பார்த்தான். எந்தத் தோளில் பானையை வைக்க வேண்டும், எத்தனை முழுக்குப் போட வேண்டும் என்று அம்மாவிடம் பாடம் மாதிரிக் கேட்டுக்கொண்டான். அவன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அதில் கரைந்துபோனது.

விடியும் முன்பே எழும்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். மரம் இருந்தது, பானை இல்லை. சேலைக் கயிறு பாதியில் அறுந்து காற்றில் ஆடியது. அம்மா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அறுபட்ட நுனியைத் தொட்டுப் பார்த்தேன். கத்தியால் அறுத்தது என்று நன்றாகத் தெரிந்தது.

நீச்சல் தடாகத்துப் பக்கம் ஆட்களின் குரல் கேட்டது. சமையல்காரர்கள், அறை கூட்டுகிறவர்கள், செக்கியூரிட்டி என்று எல்லாரும் விளிம்பைச் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பார்த்தோம். வறண்ட தடாகத்தின் நட்டநடுவில் அப்பாவின் பானை இருந்தது. அதைச் சுற்றி உப்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே எரிக்கக் காய்ந்த தென்னை மட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். சோமபால என்ற வயதான தோட்டக்காரர், நுனியில் கத்தி கட்டிய நீளக் கழியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

அவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டதைக் காது கொடுத்துக் கேட்டேன். அது ஹூனியம் என்றார்கள். யாரோ வைத்த செய்வினை. மஞ்சள் துணி, குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம், எரிந்த கற்பூரம், மரத்தில் தொங்கும் பானை. எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. ஹோட்டல் முதலாளிக்கும் அவருடைய அண்ணனுக்கும் காணி வழக்கு நடக்கிறதாம். போன வாரம் சமையல் குசினியில் தீப்பிடித்ததாம். இது அண்ணன்காரனின் ஆட்கள் வைத்ததுதான் என்று சோமபால அடித்துச் சொன்னார்.

டை கட்டிய இளவட்ட மெனேஜர் ஃபோனை வைத்துவிட்டு வந்தான். கொழும்பிலிருந்து முதலாளி உத்தரவு போட்டுவிட்டாராம். பக்கத்து ஊர் மந்திரவாதி வருகிறார். பானையை உடைத்து, காறித் துப்பி, எரித்து, வைத்தவனுக்கே திரும்பிப் போகும்படி சாபம் கொடுத்துக் கடலில் எறிவார். பொலிஸுக்கும் சொல்லியாகிவிட்டது. வைத்தவர்களைக் கண்டுபிடிக்காமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. நாங்கள் அப்பாவைக் கொண்டு வந்ததும் கடலுக்குத்தான். ஆனால் இப்படி இல்லை, இப்படி இல்லவே இல்லை.

மெனேஜர் நேராக எங்களிடம் வந்தான். நீங்கள் தமிழ் ஆட்கள், கோயில் குளம் என்று போகிறவர்கள், இதைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று வினோஜனிடம் சிங்களத்தில் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். கண் மட்டும் வினோஜனின் புது வேட்டியிலேயே நின்றது.

நான் வாயைத் திறந்தேன். வினோஜன் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினான்.

“தன்னே நே” என்றான்.

தெரியாது என்று அர்த்தம். அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், ஆனால் அந்தச் சொல் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மெனேஜர் நகர்ந்ததும் என் காதுக்குள் பேசினான். “அக்கா, பேசாத. பொலிஸ் வந்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா இன்னைக்கு ஃப்ளைட் போச்சு. வேலையும் போச்சு. அப்புறம் வீட்ட யாரு பாக்கிறது?”

அவன் பயம் பொய்யில்லை. கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் ஒருதடவை அடையாள அட்டை இல்லாமல் மாட்டி, பொலிஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டவன். அன்றைக்கு அப்பா கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய், சிங்களமும் சரியாக வராமல், வாசலில் நின்று இவன் என் மகன், இவன் என் மகன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவனை மீட்டுக்கொண்டு வந்தார். அது இந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்து தொலைத்தது. அவன் கையை உதறினேன். ஆனாலும் எனக்கும் வாய் வரவில்லை. அவன் சம்பளத்தில்தான் என் மகள் படிக்கிறாள், அம்மாவுக்கு மருந்து வாங்குகிறோம். ஒரு பக்கம் செத்த மனிதர், மறு பக்கம் உயிரோடு இருக்கிற நாங்கள் எல்லாரும். எதைச் சொன்னாலும் ஒன்று போகும். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மந்திரவாதிதான் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை.

அவள் தடாகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த ஏணியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலை மலையில் இறங்குகிற மாதிரி பக்கவாட்டாக, நிதானமாக இறங்கினாள். மேலே நின்றவர்கள் போகாதே, தொடாதே என்று கத்தினார்கள். சோமபால கழியை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அம்மா கழியை விலக்கிவிட்டு, உப்பு வட்டத்தைத் தாண்டி, பானைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பானையை எடுத்து மடியில் வைத்தாள். மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

கூட்டம் மொத்தமாகப் பின்னால் நகர்ந்தது. ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா பானைக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள். செய்வினை வைத்தவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள், நெற்றியில் பூச மாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா அண்ணாந்து பார்த்துத் தன் ஓட்டைச் சிங்களத்தில் சொன்னாள்.

“மே மகே மஹத்தயா.”

இது என் வீட்டுக்காரர் என்று. பிறகு அவளுக்குச் சிங்களம் தீர்ந்துபோனது. தமிழில் தொடர்ந்தாள். “மரத்துல கட்டுனது நாந்தான். எங்களுக்கு இவர வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதுங்க. அதான் வெளிய கட்டுனேன். ஒடைக்கணும்னா என் மடியில வச்சு ஒடைங்க.”

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. விளிம்பில் நின்று எல்லாவற்றையும் சிங்களத்தில் கொட்டினேன். அழுகையும் கோபமுமாக என்ன சொன்னேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. அஸ்தி, மரம், எலுமிச்சம்பழம், நாளைக்கு என்று ஒரு நாள் எங்களுக்கு இல்லை என்பது. சோமபால முதலில் கழியைக் கீழே போட்டார். பிறகு தொப்பியைக் கழற்றினார். செத்த மனிதரைக் கத்தியால் அறுத்து இறக்கிவிட்டேனே என்று சொல்லித் தடாகத்தைப் பார்த்துக் கைகூப்பினார். மெனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு பொலிஸுக்கு ஃபோன் பண்ணி, தவறுதலாகிவிட்டது, வர வேண்டாம் என்றான். மந்திரவாதிக்கு ஒரு தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் தூரத்தில் நின்று கேட்ட நிதுஷன் வேனைத் திறந்து போட்டுக் கழுவத் தொடங்கினான்.

வினோஜன் ஏணியில் இறங்கிப் போனான். அம்மாவுக்கு முன்னால் குனிந்து, நேற்றுப் படித்த பாடத்தின்படி, பானையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினான்.

அம்மா பானையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நீ வேணாம் தம்பி. தெரியாதுன்னு சொன்ன ஆளு தூக்கக் கூடாது” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். “கிருஷாந்தி, நீ வா.”

பெண்பிள்ளை அஸ்தி கரைத்து எங்கள் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. அவனுக்கு இது வேண்டும் என்று தோன்றியது. நீட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது. ஆனால் அம்மா சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா மறுபடி துணி கட்டித் தந்த பானையை இடது தோளில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கினேன். ஹோட்டல் ஆட்கள் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றுத் தண்ணீர் ஒரே பக்கம் இழுக்கும். இது போகும்போது ஒரு பக்கமும் வரும்போது ஒரு பக்கமும் இழுத்தது. இடுப்பளவு வந்ததும் நில்லு என்று அம்மா கத்தினாள். கரையைப் பார்த்துத் திரும்பிப் பானையைப் பின்னால் விட வேண்டும், விட்ட பிறகு கடலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிறவர் போக மாட்டார். அம்மாவும் பார்க்கக் கூடாது என்று கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஈர மணலில் நின்ற வினோஜன் மட்டும் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பானையைத் தோளிலிருந்து பின்னால் நழுவவிட்டேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். அலை ஒன்று வந்து தள்ள, என் முதுகில் ஏதோ வந்து முட்டியது. உருண்டையாக, கெட்டியாக முட்டியது. பானைதான். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பவும் கூடாது, அப்படியே விட்டுப் போகவும் கூடாது. போகாமல் என் முதுகைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

“தம்பி” என்று கத்தினேன். “என்னடா ஆகுது?”

கரையிலிருந்து அவன் பானையையே பார்த்துச் சொன்னான். “அக்கா, திரும்பாத. கைய மட்டும் பின்னால நீட்டு. இன்னும் கொஞ்சம் வலப் பக்கம். ஆ, அதான். புடி.”

பிடித்தேன். ஈரத் துணி கையில் பட்டது.

“அப்படியே பின்னால நட. நான் சொல்ற வரைக்கும் நட.”

கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. கால் தரையில் சரியாகப் பாவவில்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் குரல் ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். அலை வருது, குதி என்றான், குதித்தேன். இன்னும் ஓரெட்டு என்றான், வைத்தேன். இப்போது விடு என்றான், விட்டேன்.

கரைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மணலில் மண்டியிட்டு உப்புத் தண்ணீரைக் கக்கினேன். கேட்பதற்குப் பயமாக இருந்தது. வினோஜன் இன்னும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முங்கிருச்சு” என்றான். “போயிட்டாரு.”

அம்மா கடலுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள். “யாரு?”

அவன் குட்டைச் சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மெனேஜரும் சோமபாலவும் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அப்பா” என்றான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் கேட்காமலே, போனது என் அப்பா, நான் அவருடைய மகன் என்று சிங்களத்திலும் உரக்கச் சொன்னான். குரல் உடைந்துபோய் மறுபடியும் ஒருதடவை சொன்னான்.

அம்மா அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள்.